ஒன்றே முக்கால் வினாடி

வலது கை மவுஸைப் பிடித்திருந்தது. இடது கையின் சுண்டுவிரல் மேசை விளிம்பில் ஊன்றியிருந்தது. பணிமனையில் கேஜின் கண்ணாடியைக் கழற்றி முள்ளைத் தொடும்போது கை ஆடாமலிருக்க அப்படி ஊன்றிக்கொள்வது பழக்கம். இங்கே கண்ணாடியும் இல்லை, தொட்டுப் பார்க்க முள்ளும் இல்லை. திரையில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு கறுப்புக் கோடும்தான். இருந்தாலும் விரல் தானாகப் போய் ஊன்றிக்கொண்டது. கோட்டின் நுனியை மயிரிழை அளவு இடப்பக்கம் நகர்த்தினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அதில் பாதியளவு திரும்ப வலப்பக்கம் நகர்த்தினாள்.

பதினேழு வருடமாக அவள் ரயில்வே பணிமனையில் கேஜ் மெக்கானிக். பிரேக்கில் எவ்வளவு காற்றழுத்தம் இருக்கிறது என்று டிரைவருக்குக் காட்டும் கேஜ்கள், இன்ஜின்களிலிருந்து கழற்றப்பட்டு அவளிடம் வரும். சோதனை மேசையில் மாட்டி, முள் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்த்து, சரிசெய்து, முத்திரை போட்டு அனுப்புவாள். இதைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து யாரும் சொல்லித் தரவில்லை. கழித்துப் போட்ட கேஜ்களைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பிரித்து மாட்டி அவளே கற்றுக்கொண்டது. செக்‌ஷனில் அவளுக்குப் பெயர் 'துல்லியம்'. பாராட்டி வைத்த பெயர் என்று சொல்ல முடியாது. "துல்லியத்துகிட்ட கேஜ் மாட்டிக்கிச்சா? அப்ப அடுத்த வாரம் வாங்க" என்பார்கள்.

இந்தத் திரைத் தொழில் தொடங்கியது கணவனால். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவனுக்கு, ஓய்வு நாளில் கணினியில் ரயில் ஓட்டுவது பொழுதுபோக்கு. ஒருநாள் காபியோடு வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றவள், திரையைப் பார்த்துவிட்டு, "அந்த கேஜ் பொய் சொல்லுது" என்றாள்.

"இது விளையாட்டும்மா."

"விளையாட்டுன்னா பொய் சொல்லலாமா? நீங்க பிரேக்கைத் தொடவே இல்ல, அதுக்குள்ள முள்ளு ஏறுது. வெக்கமா இல்ல அதுக்கு?"

அவன் சிரித்துக்கொண்டே, ரயில் விளையாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் அதை அப்படியே எழுதிப் போட்டான். 'அவ்வளவு தெரிந்தவர் தாமே செய்து தரலாமே' என்று யாரோ குத்தலாகப் பதில் போட்டார்கள். குத்தல் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அந்த ஒரு கேஜைச் செய்து தருவதற்கு ஏழு மாதம் பிடித்தது. கணினியில் உருவம் வரையும் மென்பொருளை, கேஜைக் கற்ற மாதிரியே, மற்றவர்கள் செய்ததைப் பிரித்துப் பார்த்துக் கற்றாள். அதை வாங்கிப் போட்டவர்கள் அடுத்ததைக் கேட்டார்கள். கேஜ், ஹாரன், கதவுக் கைப்பிடி என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு முழு இன்ஜினே செய்தால் என்ன என்று வந்து நின்றது. விளையாட்டோடு வராமல் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் இத்தகைய இன்ஜின்களையும் பெட்டிகளையும் ஆட்-ஆன் என்பார்கள். அதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். அவள் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். துணி மடித்து வைக்கும் பின்னறையிலிருந்து இஸ்திரி மேசை வெளியே போயிற்று. கணினி உள்ளே வந்தது.

அவள் எடுத்துக்கொண்டது யார்டில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக் கோக்கும் ஷண்டிங் இன்ஜின். கணவனின் தங்கை அதில்தான் டிரைவர்.

"உலகத்துல எத்தனை அழகான இன்ஜின் இருக்கு, போயும் போயும் இந்தத் தகர டப்பாவா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். ஆனாலும் அனுமதி வாங்கித் தந்து, டேப்பும் கேமராவுமாகக் குனிந்து நிமிர்ந்தவளுக்குப் பன்னிரண்டு நாள் பொறுமையாக விளக்குப் பிடித்தாள்.

பதினோராம் மாதம் முடிந்து, விற்கும் தளத்துக்கு அனுப்பினாள். அங்கே ஒரு பரிசோதகர் ஓட்டிப் பார்ப்பார்; அதில் தேற வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டாவதிலும் தேறாவிட்டால் ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி வாசலில் நிற்கலாம். முதல் பதில் வந்தது. 'தோற்றம் பழுதில்லை. ஒலி பழுதில்லை. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நான் இந்த வகையை ஓட்டியிருக்கிறேன். இது அது இல்லை.'

விடுப்பு முடிய இருபத்துநாலு நாள் இருந்தது. அதற்குள் திரும்பி வருகிறாளா, வேலையை விடுகிறாளா என்று பணிமனைக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். இது தேறினால் விடுவது, இல்லையென்றால் மறுபடி செக்‌ஷன். அப்படித்தான் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அவள் எடையைச் சரிபார்த்தாள். பிரேக் கட்டையின் அழுத்தத்தைச் சரிபார்த்தாள். எல்லாம் வரைபடத்தோடு பொருந்தியது. முள்ளை மட்டும் சரிபார்க்கவில்லை. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆறாம் நாள் நாத்தனாருக்கு ஓய்வு. வந்து உட்கார்ந்து, விளையாட்டுக்கான சின்ன லீவரைப் பிடித்து, எதிரே நின்ற சரக்குப் பெட்டியை நோக்கி ஓட்டினாள். நெருங்கும்போது பிரேக் போட்டாள், முள்ளைப் பார்த்தாள், கொஞ்சம் தளர்த்தினாள். இன்ஜின் போய்ப் பெட்டியில் மோதியது.

"என் சர்வீஸ்ல முதல் மோதல்" என்றாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி மோதினாள்.

"உனக்கு ஓட்டத் தெரியலைன்னு ஒத்துக்கோ" என்றான் அண்ணன் கதவோரத்திலிருந்து.

"நீ போய் மாத்திரை எண்ணு. அண்ணி, குறை முள்ளுலதான். ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கு. சொன்ன உடனே வந்து நிக்குது."

"நிக்கத்தான் வேணும்."

"எங்க வண்டில நிக்காது. காத்து முன்னாடி போயிடும், முள்ளு பின்னாடி மூச்சு வாங்கிட்டு வரும். முள்ளு ரெண்டுல இருந்தா உள்ள ரெண்டரை இருக்கும். அந்தக் கணக்குலதான் தளர்த்துவோம். இதுல உள்ளயும் ரெண்டுதான் இருக்கு, வண்டி எப்படி நிக்கும்?"

"அப்ப அது கெட்ட கேஜ். எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே?"

நாத்தனார் லீவரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "எழுதலையா? வருஷக்கணக்கா எழுதினோம். கழட்டி உங்ககிட்டதான் அனுப்பினாங்க. 'குறை இல்லை'ன்னு முத்திரை குத்தித் திரும்ப அனுப்பினது யாரு? அப்புறம் எங்களுக்கே பழகிப்போச்சு, எழுதறதை விட்டுட்டோம்."

சோதனை மேசையில் காற்று நேராக கேஜுக்குள் போகும். அங்கே குறை இருக்கவில்லை; அவள் போட்ட முத்திரை ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் இன்ஜினில் பிரேக் சிலிண்டர் கீழே இருக்கிறது, கேஜ் மேலே டிரைவர் முன்னால் இருக்கிறது. நடுவில் பென்சில் பருமன்கூட இல்லாத குழாய் ஒன்று நாலு இடத்தில் வளைந்து போகிறது. அந்தக் குழாயை அவள் அளந்தாள், படம் எடுத்தாள், திரையில் வளைவு தப்பாமல் வரைந்தாள். அதற்குள் காற்று போய்ச் சேர நேரமாகும் என்பதை மட்டும் நினைக்கவில்லை. பதினேழு வருடத்தில் ஒரு கேஜைக்கூட அவள் இன்ஜினில் இருக்கும்போது ஓடவிட்டுப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை யார்டுக்குப் போனாள். ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டுத் தந்த சோதனை கேஜைச் சிலிண்டர் வாயிலேயே மாட்டிவிட்டு, ஸ்டாப்வாட்சோடு இன்ஜினுக்கு அடியில் குந்தினாள். மேலே நாத்தனார் பிரேக் போட்டு, முள் ரெண்டைத் தொட்டதும் "இப்ப" என்று கத்துவாள். கீழே சோதனை முள் ரெண்டைத் தொட்டதிலிருந்து அந்தக் கத்தல் வரைக்கும் எவ்வளவு என்று அவள் குறித்துக்கொள்வாள். முப்பது தடவை ஏற்றம், முப்பது தடவை இறக்கம். ஏறும்போது ஒன்றே முக்கால் வினாடி. இறங்கும்போது இரண்டரை. பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற இரண்டு இன்ஜின்களையும் அளந்தாள். ஒன்றில் ஒன்றரை, மற்றதில் கிட்டத்தட்ட இரண்டு.

"மூணுல எதை வைக்கப் போறீங்க?"

"மூணையும். வண்டி நம்பரைத் தேர்ந்தெடுத்தா அதோட குழாயும் கூட வரும்."

"சரிதான், சும்மாவா துல்லியம்னு பேரு வச்சாங்க" என்றாள் நாத்தனார்.

செய்வது அத்தனை சுலபமாக இல்லை. மூன்று நாள் திரைமுன் உட்கார்ந்திருந்தாள். தாமதத்துக்கான எண்ணை எழுதுவாள், ஓட்டிப் பார்ப்பாள், முள் பின்தங்கி ஊர்வதைக் கண்டதும் கை போய் எண்ணைக் குறைத்துவிடும். ஒன்றே முக்கால் என்று எழுதியது ஒன்றரை ஆகும், பிறகு ஒன்றேகால் ஆகும். இப்படியே இரண்டு தடவை நடந்ததைக் கணவன் பார்த்தான்.

"என்னாச்சு?"

"கண்ணு கூசுதுங்க. கெட்டுப்போன கேஜை நானே செஞ்சு விக்கற மாதிரி இருக்கு."

"கேஜ் கெடலைன்னு யார்டுலேர்ந்து வந்து நீதானே சொன்னே. குழாயைத்தானே செய்யறே?"

அவள் முள்ளுக்குள் எழுதியிருந்த தாமதத்தை அழித்துவிட்டு, முள்ளைப் பழையபடி சொன்ன உடனே வரும்படி செய்தாள். தாமதம் மொத்தத்தையும் குழாயின் கணக்கில் எழுதினாள். விளையாடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். யாரும் உள்ளே பிரித்துப் பார்க்கப்போவதில்லை. அவளுக்கு அப்படி இல்லை. அதன் பிறகு கை எண்ணைக் குறைக்கப் போகவில்லை.

நாத்தனார் வந்தாள். பிரேக் போட்டாள், முள் வருவதற்குள்ளேயே தளர்த்தினாள். இன்ஜின் பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அடுத்த நம்பரை எடுத்து ஓட்டினாள். "இந்தக் கழுதையா? இதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பிடிக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமல், "ஓய்வு நாள்லயும் வேலைக்கு வந்த மாதிரி இருக்கு அண்ணி. ஒரு டீயாவது குடுங்க" என்றாள்.

அன்று மாலையே இரண்டாவது தடவையாக அனுப்பினாள். பதில் வர ஒன்பது நாள் ஆனது. 'நாற்பது தடவை நிறுத்திப் பார்த்தேன். மூன்று வண்டிக்கும் மூன்று குணம். வெளியிடலாம்.' இவ்வளவுதான் இருந்தது. கணவன் அதை இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தான்.

மறுநாள் பணிமனைக்குப் போய் விலகல் கடிதத்தைச் செக்‌ஷன் தலைவரிடம் கொடுத்தாள். அதோடு இன்னொரு தாள் பின் குத்தியிருந்தது. கேஜைச் சோதிக்கும்போது இன்ஜினில் இருக்கும் அதே நீளக் குழாயையும் சேர்த்து மாட்ட வேண்டும் என்று, மூன்று இன்ஜின்களில் எடுத்த அளவுகளோடு, முன்பு தான் போட்ட முத்திரைகளையும் குறிப்பிட்டு எழுதியிருந்தாள்.

"போகும்போதுமா வேலை வச்சிட்டுப் போவீங்க?" என்றார் அவர். ஆனால் தாளைக் கீழே வைக்காமல் படித்தார்.

வீட்டுக்கு வந்து, கை கழுவி, பின்னறையில் உட்கார்ந்தாள். விற்பனைப் பக்கத்தில் இன்ஜினின் படம், மூன்று நம்பர்கள், கீழே அவள் எழுதிய ஒரு வரி: 'முள்ளுக்குக் காத்திருக்க வேண்டாம்.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வெளியீட்டுப் பொத்தானை அழுத்தினாள். சாப்பிட்டு முடித்து அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, எந்த ஊர்க்காரர் என்று தெரியாத ஒருவர் இன்ஜினை வாங்கித் தன் கணினியில் இறக்கி, நடு நம்பர் வண்டியைத் தேர்ந்தெடுத்தார்.