சவுரிமுத்துவின் விசில்

ஜெயசீலி தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். டூட்டிக்கு வண்டலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். 1971, தீபாவளிக்கு முதல் நாள். பெருங்களத்தூரில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. டிரைவர் எலியேசர் பிரேக்கை மிதித்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் சவுரிமுத்துவின் முகம் இரும்புக் கம்பியில் மோதியது. மூக்கு உள்ளே போய், கன்னம் தட்டையாகிவிட்டது.

"படுக்கப் போடுப்பா! மூஞ்சில சோடா அடி!" என்று பயணிகள் கத்தினார்கள்.

படுக்கப் போட்டார்கள். அவர் தொண்டை களகளத்தது.

"தூக்குங்க! ரத்தம் தொண்டைக்குள்ள இறங்குது, மூச்சு நின்னுடும்!" ஜெயசீலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மயக்கம் போட்டா இன்னா பண்ணுவே?" என்று கூட்டத்தில் ஒருவர் மடக்கினார்.

"ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன். இப்ப முழிச்சுக்கினுதானே கீறாரு? அண்ணா, கழுத்து வலிக்குதா? கைகால் அசைங்க."

வலி இல்லை, அசைந்தன. அவரை உட்காரவைத்து, முன்பக்கம் சாய்த்துப் பிடித்தார். வாயில் கிடந்த உடைந்த பல்லை எடுத்ததும் மூச்சு சீரானது. மூக்கிலிருந்து ரத்தத்தோடு தெளிந்த நீரும் சொட்டியது. ஒருவர் துணியைத் திணிக்க வந்தார்.

"அடைக்காதீங்க. அண்ணா, நீங்களும் மூக்கைச் சிந்தாதீங்க. அது மூளையைச் சுத்தி இருக்கிற நீரா இருக்கலாம். எலியேசர் அண்ணா, வண்டிய நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க!"

இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. விசில் கேட்காமல் எலியேசருக்குக் கால் வராது. அது புரிந்த சவுரிமுத்து விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஜெயசீலி பிடுங்கினார்.

"ஊதினா உடைஞ்ச இடத்துல காத்து ஏறும்!"

முந்தானையில் துடைத்துத் தானே ஊதினார். அப்போதும் வண்டி அசையவில்லை.

"ஒண்ணு ஊதினா நிக்கணும்மா! ரெண்டு ஊது!" என்று பின்சீட்டு கத்தியது.

ரெண்டு ஊதினார். பஸ் பாய்ந்தது. நடுவில் இறங்கவேண்டியவர்களும் ஆஸ்பத்திரி வரை வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மேல்பல் வரிசையைப் பிடித்து மெல்ல அசைத்தார். மூக்கும் சேர்ந்து அசைந்தது. முகத்தின் நடு எலும்பு மொத்தமாகக் கழன்றிருந்தது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபரேஷன் செய்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டினார்கள். வாரக்கணக்கில் வெறும் கஞ்சித்தண்ணீர்.

வேலைக்குத் திரும்பிய அன்றே சவுரிமுத்து பஸ்ஸில் ஜெயசீலியிடம் கை நீட்டினார்: "என் விசிலு?"

"டாக்டர் சொல்லட்டும்."

அதுவரை சவுரிமுத்து பஸ் தகரத்தைத் தட்டியே சமாளித்தார். எலியேசர், "இது பஸ்ஸா, மேளமா மச்சான்?" என்று திட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் சரி சொன்ன மறுநாள், முன்சீட்டிலிருந்து ஜெயசீலி விசிலை நீட்டினார். சவுரிமுத்து ஊதினார். ஒன்று, ரெண்டு.

எலியேசர் திரும்பிப் பார்க்காமலே கியரைப் போட்டார்.