மச்சானுக்குப் போட்ட பர்கர்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: என் மனைவி. என் மகள், அவளுக்குத்தான் பிறந்தநாள். அத்தை, அதாவது மனைவியின் அம்மா. குவீன்ஸ்டவுனில் இருக்கும் மச்சான், மனைவியின் அண்ணன். மகளின் பள்ளித் தோழிகள் மூன்று பேர். கடைசியாக நான்.

எங்கள் வீடு சுவா சூ காங்கில். எனக்கு அந்த வட்டாரத்திலேயே புல் வெட்டும் வேலை. மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்க வேண்டும். நான் கறி தின்பதில்லை. சிறு வயதிலிருந்தே பிடிக்காது, அவ்வளவுதான். மகள் பர்கர் கேட்டாள். உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி எல்லாம் வேகவைத்துப் பிசைந்து நானே செய்தேன். கடித்ததும் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

மச்சான் தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"புல்லு வெட்டுறவரு, வெட்டுனதை வீட்டுக்கே கொண்டாந்துட்டாரு!"

"அண்ணே, சும்மா இருங்க" என்றாள் மனைவி.

"உள்ளதைத்தானே சொல்றேன். மாப்ள, பிள்ளைங்க என்ன ஆடா மாடா?"

"புரட்டாசி மாசம்டா" என்றார் அத்தை.

"அது சனிக்கிழமைக்குத்தான்மா. இன்னிக்கு ஞாயிறு லா."

என் பர்கரைக் குப்பைத் தொட்டியில் தட்டினார். போனில் பொரித்த கோழி வரவழைத்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். அதெல்லாம் போகட்டும். புல் என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"அப்பா, அடுத்த பர்த்டே மாமா வீட்டுல வைக்கலாமா?"

மச்சானைச் சும்மா விடக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. அவர் வாயில் போட்டுத்தான் திருப்பித் தர வேண்டும்.

மனைவி மட்டன் கோலா உருண்டை நன்றாகச் செய்வாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். பொட்டுக்கடலை மாவு போட்டுப் பிடிக்கிறாள். சோம்பு, பட்டை, கல்பாசி வறுத்துப் பொடிக்கிறாள். அந்தப் பொடி வாசம் வந்ததுமே வீட்டில் கறி வாசம் வந்துவிட்டது. கறி அப்போது பிரிட்ஜில் இருந்தது. அன்று எனக்குப் புரிந்தது.

சிராங்கூன் சாலைக் கடையில் கல்பாசி வாங்கினேன். கறுப்புக் கொண்டைக்கடலையை வேகவைத்து, துணியில் பரப்பி ஈரம் போகவிட்டேன். அரைக்கவில்லை, கல்லில் தட்டினேன். காளானைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் வற்றி ஓரம் கருகும்வரை வதக்கினேன். கொஞ்சம் கறுப்பு சோயா சாஸ். தேங்காயைச் சின்னச் சின்னப் பல்லாகக் கீறி எண்ணெயில் வதக்கிச் சேர்த்தேன். பல்லில் படும்போது கொழுப்பு மாதிரி இருக்கும் என்றாள் மனைவி. முட்டை கிடையாது. பொட்டுக்கடலை மாவுதான் பிடித்துக்கொண்டது. தோசைக்கல்லில் போட்டால் அடி முறுகும்வரை தொடக்கூடாது. தொட்டால் உடையும். எனக்கு நிறைய உடைந்தது.

ருசி பார்த்தது மனைவி. அவள் கறி தின்பவள். முதலில், "கடலை" என்றாள். அப்புறம் ஒருநாள், "பரவால்ல" என்றாள். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று எடுத்தாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த வருடம் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்காகப் பெருமாள் கோயிலில் வேண்டிக்கொண்டிருந்த மச்சான், புரட்டாசி முழுக்கக் கறி தொடுவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். நெற்றியில் நாமம். மகள் மறுபடி மாமா வீடு என்றாள். "இந்த ஒரு தடவை இங்க வைப்போம்" என்றாள் மனைவி. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தாள்.

அதே ஆட்கள் வந்தார்கள்.

"மாப்ள, இந்த வருஷம் என்ன புல்லு?" மச்சான் உட்காரும்போதே ஆரம்பித்தார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ஒவ்வொரு பர்கரிலும் ஒரு பல்குச்சி குத்தி மேசையில் வைத்தேன்.

அவர் ஒன்றைக் கடித்தார். மெல்வதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மறுபடி மென்றார். இரண்டாவதைத் தின்றுகொண்டே அடுப்படிக்கு வந்து என் காதில் பேசினார்.

"சரியான ஆளுய்யா நீ. கிழவிக்குத் தெரியாம மட்டன் போட்டுட்ட லா!"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"விரதமாச்சே மச்சான்."

"பெருமாளுக்கு பர்கர்லாம் தெரியாது. நீ வாய மூடிக்க, போதும்."

போய் உட்கார்ந்து இன்னும் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் போதும் என்று தட்டைத் தள்ளும்வரை காத்திருந்தேன். வயிறு நிறையட்டும் என்றுதான். பிறகு அத்தை முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, இதுல கொண்டைக்கடலையும் காளானும்தான். உங்க பொண்ணு கூடவே இருந்து பார்த்தா. ஆனா மச்சான் மட்டன்னு நினைச்சு சாப்பிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

அத்தை மகனின் நாமத்தைப் பார்த்தார்.

"என் கண்ணுக்கு வேண்டிக்கிட்டதுடா அது."

"அம்மா, சும்மா வெளையாட்டுக்கு..."

"மட்டன்னு நினைச்சுத்தான் தின்னியா?"

மச்சான் தண்ணீர் குடித்தார். எனக்குப் பாவமாக இல்லை. எழுந்து போய் நாமத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார் அத்தை. மச்சான் போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

என் மகள்தான் முதலில் சிரித்தாள்.

"பாட்டி, அடுத்த பர்த்டேயும் இங்கதான். அப்பாவே செய்வாரு."

"உன் மாமன் எத்தனை தின்னான், பாரு" என்றார் அத்தை.

மகள் மச்சானின் தட்டை இழுத்தாள். பல்குச்சிகளை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தாள்.

ஐந்து.