அண்ணன் பொருத்திய கியர் நழுவவில்லை

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனையில் கொடுக்கும் மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணியும் பிள்ளைகளும் சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆண்டுக்கணக்கில் கல்லூரிக் கரும்பலகையில் எழுதிய கை, இந்த ஒரு கட்டுரையை மூன்று முறை எழுதிக் கிழித்தது.

அண்ணன் ஆஸ்டின் டவுனில், ஒற்றை அறை வாடகை வீட்டில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார், நான் சிறுவன். மறுவாரமே புத்தகங்களை என்னிடம் கொடுத்துவிட்டு, இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தார். கியர் சக்கரங்களுக்குப் பல் வெட்டும் பிரிவில் போட்டார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நான் கணிதம் படித்து விரிவுரையாளர் ஆனேன். பிறகு அவர் வேலையை விட்டுவிட்டுச் சிவாஜிநகரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாக மெக்கானிக் ஷெட் போட்டார். திருமணமானதும் காக்ஸ் டவுனுக்குக் குடிவந்தார்.

அண்ணன் அடக்கமானவர் என்று எழுதினால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். "நான் மூடின கியர் பாக்ஸை இன்னொருத்தன் தொறக்கிறான்னா, அவனுக்கு வேற பொழப்பு இல்லைன்னு அர்த்தம்" என்று கடைத்தெரு கேட்கச் சொல்வார். அதில் பொய் இல்லை. ஓசூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் கியர் பாக்ஸைத் துணியில் சுற்றிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் எந்த நேரத்திலும் வண்டியை எடுப்பார். சபைக்கு வரும் முதியவர்களை மழை நாட்களில் வீட்டில் கொண்டுபோய் விட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரை இல்லாத சீமை வண்டி. உள்ளே இருந்த எஞ்சின் செத்துப்போயிருந்தது. வேறொரு காரின் பெரிய எஞ்சினை அதில் இறக்கினார். அதற்குப் பழைய கியர்கள் ஒத்துவரவில்லை. முதல் கியர் போட்டவுடனே தீர்ந்துவிடும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் எஞ்சின் மூச்சு வாங்கிச் சோர்ந்துவிடும். நடுவில் அவ்வளவு இடைவெளி.

"வாத்தியாரே, பல்லுக் கணக்கு நீ போடு, சக்கரத்தை நான் வெட்றேன்" என்றார்.

கணக்கு சுவையானது. இரண்டு தண்டுகளுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது. ஆகவே ஒரு சக்கரத்தில் எத்தனை பல் கூட்டுகிறோமோ, அதன் இணைச் சக்கரத்தில் அத்தனை குறைக்க வேண்டும். அந்த வரம்புக்குள் இரண்டாவதையும் மூன்றாவதையும் நெருக்கிக் கொண்டுவர வேண்டும். ஒரு வாரம் தாள் தாளாகப் போட்டுப் பார்த்தேன். அண்ணன் தெரிந்தவர் பட்டறையில் சக்கரங்களை வெட்டி, கடினமாக்கி, பொருத்தினார். பழைய சக்கரங்களில் பற்கள் சாய்வாக இருந்தன. அவரிடமிருந்த வசதியில் நேர்ப்பல்தான் வெட்ட முடிந்தது.

"நேர்ப்பல்லு கத்தும்டா. கத்தினா நல்லா இருக்குன்னு அர்த்தம். பயப்படாதே" என்று முன்பே சொன்னார்.

சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிறு மதியம் நந்தி மலைக்குப் போனோம். ஏறும்போது வண்டி பறந்தது. ஒவ்வொரு வளைவிலும் அண்ணன், "பாத்தியா? மூணாவது எப்படி எடுத்துக் குடுக்குது பாத்தியா?" என்று கத்தினார். நானும் சிரித்தேன். என் கணக்கல்லவா?

இறங்கும்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க, பற்கள் ஊளையிட்டன. என் காலுக்குப் பக்கத்தில், தகரத்துக்கு அடியில் அந்தச் சத்தம். வளைவுக்கு வளைவு அது உயர்ந்தது. பிரேக்கிலிருந்து கருகிய வாடை வந்தது. கியர் பாக்ஸ் வெடிக்கப்போகிறது என்று தீர்மானமாக நம்பினேன்.

"அண்ணா, நிறுத்துங்க!"

"வாயை மூடிட்டு உக்காருடா வாத்தியாரே. பாடிக்கிட்டு இருக்கு அது."

பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் என் வலது கை கியர் கம்பியின் மேல் இருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது. அண்ணனின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில், கண்கள் சாலையில். அவர் ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் தொட்டார். பற்களின் இறுக்கம் தளர்ந்த அந்தக் கணத்தில் நான் கம்பியைப் பிடித்து இழுத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சத்தம் நின்றது. ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அதற்குள் வண்டி பிடியில்லாமல் ஓட ஆரம்பித்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார், அது பிடிக்கவில்லை. கியரைத் தேடினார், விழவில்லை. இடப்பக்கம் பள்ளம். அவர் வலப்பக்கம் திருப்பி, தன் பக்கம் மோதும்படி மலைச்சரிவில் ஏற்றினார்.

எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவருடைய வலது முழங்கால் நொறுங்கியிருந்தது. அந்த நிலையிலும் என்னைத்தான் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே? கியர் நழுவிடுச்சுடா."

"ஆமாண்ணா" என்றேன்.

சொந்தபந்தங்கள் அறிந்த கதை இவ்வளவுதான்: அண்ணன் வெட்டிய கியர் நழுவியது, ஆனாலும் தம்பியைக் காப்பாற்றினார். பின்பாதி மட்டும் உண்மை.

ஊன்றுகோலோடு ஷெட்டுக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, அந்தக் கியர் பாக்ஸைப் பிரித்ததுதான். ஒவ்வொரு பல்லையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கை மாற்றி மாற்றி அழுத்தினார். "எங்கயும் தேயலையே. எப்படிடா நழுவும்?" என்றார். கணக்கை மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

"அப்ப என் கைதான்" என்றார்.

நான் கணக்குத் தாள்களை மடித்துப் பையில் வைத்தேன். உங்கள் கால் போனதற்குக் காரணம் நான் என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

அதன் பிறகு அண்ணன் கியர் வேலையை விட்டுவிட்டார். கிளட்ச், பிரேக் மட்டும் பார்த்தார். ஒருமுறை டீக்கடையில் நான் நிற்பது தெரியாமல் ஒரு ஓட்டுநர் இன்னொருவரிடம் சொன்னார்: "கியர் பாக்ஸா? பேடப்பா, வேணாம், அந்தாளுகிட்ட போகாதே. தன் வண்டியிலயே கியர் ஜம்ப் ஆகி கால உடைச்சிக்கினாரு." இருவரும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அவர் தொண்டையைச் செருமினால்கூட, கேட்கப்போகிறார் என்று நினைத்து எழுந்து வெளியே போய்விடுவேன். அவர் கேட்கவே இல்லை. என்மேல் சந்தேகமே வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் தாங்க முடியாதது.

கடைசி நாட்களில் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றிருந்தது. மருத்துவமனையில் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "எங்கயோ ஒண்ணு விட்டுட்டேன்டா. வீட்டுக்குப் போனதும் இன்னொரு தடவை பிரிச்சுப் பாக்கணும்" என்றார். "ரெஸ்ட் எடுங்கண்ணா" என்றேன். சொல்வதற்கு எனக்குக் கிடைத்த கடைசி நேரம் அது. அதையும் விட்டேன்.

உறவினரே, நண்பர்களே, ஷெட்டுக்காரர்களே: அண்ணன் எதையும் விடவில்லை. அவர் வெட்டிய பல் ஒவ்வொன்றும் சரி. இழுத்தவன் நான்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், மாறி மாறி இரத்தம் கொடுத்த சபை வாலிபர்களுக்கும், வாரந்தோறும் தன் ஆட்டோவில் டயாலிசிஸுக்கு அழைத்துப்போன எதிர்வீட்டு அன்பருக்கும், அவரை அடக்கம் செய்த நாளில் ஷெட்டுகளை மூடிவிட்டு வந்த சிவாஜிநகர் நண்பர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் என் நன்றி. நன்றி சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கால் போனதுக்கு அவர் ஒரு நாளும் அழல தம்பி. கை போச்சேன்னுதான் அழுதாரு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சு அண்ணி."

"எத்தனை வருஷத்துக்கு?"

அண்ணி தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு எழுத்துகூட மாத்தாம போடுங்க. சிவாஜிநகர்ல எல்லா ஷெட்டுக்கும் அனுப்பணும். அப்புறம், ஆராதனைக்கு வர்றவங்களுக்குப் பிள்ளைங்க குடுக்க வேணாம். நீங்களே வாசல்ல நின்னு குடுங்க."

ஆகவே இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தவன் நான்தான். அப்போது நீங்கள் இதைப் படித்திருக்க மாட்டீர்கள். அன்பாக என் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசியிருப்பீர்கள். ஆராதனை முடிந்து நீங்கள் வெளியே வரும்போதும் நான் அங்கேயே நிற்பேன்.