மூன்றா, எட்டா

கல்பாக்கத்துக் கடற்காற்றுக்கு ஆள் பேதம் கிடையாது. இரும்பைத் தின்னும், அப்பளத்தை நமுக்க வைக்கும், ரெபேக்காளின் அட்டைகளையும் விட்டுவைக்காது. அணு மையத்து விஞ்ஞானிகள் எழுதித் தரும் எண்களை அட்டைகளில் துளைகளாகக் குத்துவது அவள் வேலை. கம்ப்யூட்டர் இருந்ததோ சென்னையில். அட்டைப் பெட்டி ஸ்டாஃப் பஸ்ஸில் போகும், விடை மறுநாள் அதே பஸ்ஸில் திரும்பி வரும். ஊறிப் பருத்த அட்டை மெஷினில் சிக்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டுப் புதிதாகக் குத்தி வைப்பதும் அவள் பொறுப்புதான்.

வயல் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம் அவளுடையது. இரண்டு வருஷமாகத் தற்காலிகம். எழுபத்து நாலு மார்கழியில்தான் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த மார்கழியில் ஒருநாள், விஞ்ஞானி சதாசிவம் சாரின் அட்டைக் கட்டுக்குள் ஒன்று பருத்திருந்தது. மேலே அச்சான எண்கள் மங்கல். கடைசி இலக்கம் மூன்றா, எட்டா? துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வாசலில் பஸ் டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. மூன்று என்று குத்தி, பழையதைக் கூடையில் போட்டுவிட்டு ஓடினாள்.

சதாசிவம் செங்கல்பட்டுக்காரர். படிப்பு ஏறியும் பேச்சு மாறாதவர். பஸ்ஸில் ஏறியிருந்தவர் பெட்டியை வாங்கிக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "ஒரு வருஷ உழைப்பும்மா. நான் கண்டுபுடிச்ச முறை, சமன்பாட்டோட இருபது மூலத்தையும், அதான் விடைங்களை, ஒரே ஓட்டத்துல புடிச்சிடும். ஆனா பேஜாரு புடிச்ச சமன்பாடு. எண்ணுல கடைசி இலக்கம் பெசகினாக்கூட மூலமெல்லாம் எங்கியோ ஓடிப்பூடும்."

ரெபேக்காளுக்குக் கூடையில் போட்ட அட்டை ஞாபகம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஓடிப்போய்க் கூடையைப் பார்த்தாள், காலி. குப்பை எரிந்துகொண்டிருந்தது. அவர் கையால் எழுதிய தாளும் அவரோடு சென்னைக்குப் போய்விட்டது.

"இன்னாடி, சோறு எறங்கலியா?" என்றாள் ராத்திரி வீட்டில் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

கர்த்தரே, அது மூணா இருக்கணும். ஜெபத்தில் வேறு வார்த்தையே வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் சதாசிவம் பஸ்ஸிலிருந்து இறங்கிய விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எல்லாம் கோணல்மா. ஒரு மூலம்கூட சமன்பாட்டுல பொருந்தல. என் முறையே தப்பு போலக்கீது."

அவளை யாரும் கேட்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை. பழி தானாகவே வேறு வீட்டுக் கதவைத் தட்டும்போது அதைக் கூப்பிட்டுத் தன் வீட்டுக்குள் விட யாருக்கு மனசு வரும்? அவளுக்கு வந்தது. நிரந்தரம் கைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தும் சொல்லிவிட்டாள்.

"சார், ஒரு கார்டை மாத்தினேன். மூணா எட்டான்னு தெரியல. மூணு குத்திட்டேன். என் தப்பாத்தான் சார் இருக்கும்."

அவர் கோபிக்கவில்லை. செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்தது. "எட்டுதான். எட்டாத்தான் இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பையைக் கவிழ்த்து, தம் கையெழுத்துத் தாளை எடுத்து, வரிசையாக விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

மூன்று. அவர் கையாலேயே தெளிவாக எழுதிய மூன்று.

ரெபேக்காளுக்குப் போன உயிர் திரும்பியது. ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தாளை மெதுவாக மடித்தார் சதாசிவம்.

"நீயே தப்பு பண்ணியிருக்கக் கூடாதாம்மா" என்றார்.