வசந்தா மாற்றிய என் வரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகத் தயங்கினேன். வசந்தா இன்றும் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள்.

திண்டிவனத்தில் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கு இருவரும் சேர்ந்தே போனோம். எல்லோரும் அவரவர் போனில் ஒரே பக்கத்தைத் திறந்து எழுதுவோம். ஒருவர் எழுதுவது எல்லோருக்கும் தெரியும். பிழை இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

என் கணவர் இறந்தபின் யாரிடமும் சொல்லாததை அதில் எழுதினேன். "மயிலம் முருகா, அவரைக் காப்பாற்று என்று உன் மலையேறி வந்து அழுதேனே, கேட்டாயா? உன்மேல் எனக்குக் கோபம்." என் கையால் நானே எழுதிய முதல் வார்த்தைகள் அவை.

விழுப்புரத்தில் நடந்த எழுத்தறிவு விழாவில் டீச்சர் என் பெயரைச் சொல்லி வாசித்தார். "முருகா, நீ என்னைக் கைவிடவில்லை. உனக்கு நன்றி."

கூட்டம் கை தட்டியது. அது நான் எழுதியதே இல்லை.

பக்கத்தில் இருந்த வசந்தா காதோரம் சொன்னாள். "நான்தாங்க்கா மாத்தினேன். சாமிய கோவிச்சிக்கினு எழுதலாமா? தெய்வ குத்தமாயிடும்."

"எனக்கும் சாமிக்கும் நடுவுல நீ யாருடி?"

"நல்லதுதானே பண்ணேன்? பாருக்கா, எப்டி தட்டுறாங்க!"

ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு நின்று அழுதவள் அவள். அவளே என் துக்கத்தை அழித்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. வழக்கம்போல மயிலம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அவள் அழிப்பதற்கு முன்பே அவன் படித்திருப்பான் என்று தோன்றியது.

இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். நான் கோபம் என்று எழுதிய இடத்தில் கோபம் என்றே இருக்கட்டும்.