ஓரகத்தி வாசலில் நின்ற கம்பு

என் ஓரகத்தி மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். வேறு பெயர் வைத்து மூடி மறைக்க மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து, மலைச்சரிவில் புங்கனும் வேம்பும் வைத்துக் காத்துவந்தோம். டவுன் ஓட்டல்களுக்கு விறகு சுமந்து சுமந்தே அந்தச் சரிவு மொட்டையானது. என் தலைச்சுமையும் அதில் உண்டு. காவலுக்குத் தனி ஆள் கிடையாது, ஒரு மூங்கில் கம்புதான். அது எந்த வாசலில் சாத்தியிருக்கிறதோ அந்த வீட்டுக்காரிக்கு அந்த வாரம் காவல். கன்று வெட்டுப்பட்டால் மட்டும் கம்பு நகராது. காவல்காரி வெட்டியவரைக் கூட்டத்தில் நிறுத்த வேண்டும்; இல்லையென்றால் அந்தக் கன்று மறுபடி கம்பு உயரம் தழைக்கும்வரை அவளே காக்க வேண்டும். வெட்டியவர் வாசலுக்கோ கம்பு அதன்பின் ஒருபோதும் வராது.

ஓரகத்தி தன் முறையில், கன்றைக் கடித்த மாமியாரின் ஆட்டையே பிடித்துக் கூட்டத்தில் கட்டினாள். அதற்குத் தண்டமாக மாமியார் ஒரு வாரம் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்தார். கோபப்படுவார் என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

"என் ஆடுன்னுகூடப் பாக்கல பாரு. சின்னவளுக்குத்தான் நேர்மை ஜாஸ்தி" என்றார்.

பத்து வருஷம் அந்த வீட்டுக்கு உழைத்த என்னை அவர் ஒரு வார்த்தை மெச்சியதில்லை.

அவளுடைய அடுத்த முறையில், அவள் கஞ்சி குடிக்கக் கிணற்றடிக்குப் போன மத்தியானம், ஒரு புங்கனை முழங்கால் உயரத்தில் வெட்டிப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் அரிவாள் பிடியின் பித்தளைப் பூணைக் காணவில்லை என்று கவனித்தேன். வழியில் கழன்றிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் அவள் அழுவாள் என்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை.

"ஆளை நிறுத்தப் போறதில்லைங்க. என் முறையில போச்சி, நானே தழைக்க வெக்கறேன்."

வெட்டியது யாரென்று தெரிந்தது போல் பாவனை செய்கிறாள் என்று நினைத்தேன். கம்பு அவள் வாசலிலேயே நின்றது. அடுத்த முறை என்னுடையது. தினமும் காலையில் அந்தக் கம்பைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போனேன். மலையைப் பற்றி எது கேட்பதானாலும் ஊர் அவளிடம் போனது. காட்டிலாகா ஆள்கூட "கம்புக்காரம்மா" என்று அழைத்தான். பட்டத்தை நானே வெட்டிக் கொடுத்திருக்கிறேன்!

இரண்டாவது மழைக்காலம் முடிந்த ஒரு சாயங்காலம், கம்பை என் வாசலில் சாத்தினாள்.

"புங்கன் கம்பு உசரம் வந்துடுச்சிக்கா. இனி உங்க முறை."

இடுப்பு முடிச்சை அவிழ்த்து என் பித்தளைப் பூணை உள்ளங்கையில் வைத்தாள்.

"அன்னிக்கே கெடச்சுது. சொல்லியிருந்தா கம்பு உங்ககிட்ட வராதேன்னு சொல்லல."

எனக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் கொடுத்த பிச்சையாக அந்தக் கம்பைப் பிடிப்பதா? மறுநாளே கூட்டம் கூட்டச் சொல்லி, பூணை நடுவில் வைத்து, வெட்டியது நான்தான், இது அன்றே சின்னவள் கையில் கிடைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒருமுறையாவது நேர்மையில் அவளை முந்திவிடலாம் என்ற எண்ணம்தான்.

கம்பு என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரிஞ்சும் இத்தினி நாளா வாயத் தொறக்கல பாரு. அதான் சின்னவ" என்றார்.