நாற்பத்தொரு குறைகள்

அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவர் ஓய்வு பெற்றால் சும்மா இருப்பாரா? கடைப் பலகையைத் திருத்துவார், கல்யாணப் பத்திரிகையைத் திருத்துவார், திருத்த ஒன்றும் கிடைக்காவிட்டால் சினிமாவைத் திருத்துவார். இவர் மூன்றையும் செய்தார். பழைய பட டிஸ்க் சேர்ப்பவர்கள் நடுவே அவருக்கு ‘புரூஃப்காரர்’ என்று பெயர்.

அவர் வீட்டு முன்னறையில் இரண்டு அலமாரி நிறைய டிஸ்க். அகர வரிசை, அதற்குள் வருட வரிசை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நோட்டுப் பக்கம். எந்த நிமிடத்தில் படம் குதிக்கிறது, எங்கே ஒலி கிணற்றுக்குள் போகிறது, எந்தப் பாட்டில் சரணம் காணாமல் போனது எல்லாம் சிவப்பு மையில் இருக்கும். படத்தில் கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள், இவர், “சே! இங்க ரெண்டு நொடி போயிடுச்சு!” என்று தொடையைத் தட்டுவார்.

கல்யாணமான புதிதில் தியேட்டரிலும் இதே கூத்துதான். ரீல் மாறும்போது கோடு விழுந்தால் வாய்விட்டுத் திட்டுவார். பக்கத்தில் மனைவி அவர் தொடையில் ஓர் அடி வைத்து, “படம் பார்க்க வந்தீங்களா, திருத்த வந்தீங்களா?” என்று சிரிப்பாள். அவள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். நாள் முழுக்க ஊரார் சண்டையைக் காதில் வாங்கி வந்தவளுக்கு இவர் சத்தம் ஒரு பொருட்டே இல்லை.

அந்த வருடம் அவர்கள் பார்த்த படங்களில் ஒன்று கறுப்பு வெள்ளைப் படம். ரயில் நிலையத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் ஒரு பெண்ணின் கதை. வீட்டில் அதைக் ‘கடிகாரப் படம்’ என்றுதான் சொல்வார்கள். பிற்பாடு அது டிஸ்க்காக வந்தது. எவனோ டிவி நாடாவிலிருந்து எடுத்து அவசரத்தில் அடித்த டிஸ்க். ஓரங்கள் வெட்டுப்பட்டு, முகமெல்லாம் மாவு பூசியதுபோல் இருக்கும். புரூஃப்காரர் அதில் நாற்பத்தொரு குறை கண்டுபிடித்தார். நல்ல பிரதியிலிருந்து சுத்தம் செய்து மறுபடி வெளியிடச் சொல்லிக் கம்பெனிக்கு ஒன்பது வருடம் கடிதம் எழுதினார். மூலப் பிலிம் கிடைத்துவிட்டது, வேலை தொடங்குகிறோம் என்று பதில் வந்ததும் நாற்பத்தொரு குறையையும் நிமிடம், நொடியோடு பட்டியல் போட்டு அனுப்பினார். அப்போது மனைவி நன்றாகத்தான் இருந்தாள். தபால்தலை ஒட்டியதே அவள்தான்.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பு, அப்புறம் தெரு, அப்புறம் ஆட்கள். இரண்டு வருடத்தில் புரூஃப்காரரே அவளுக்கு “சூப்பர்வைசர் சார்” ஆகிவிட்டார். சார் வந்தால் எழுந்து நிற்பாள். சாப்பாட்டை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒரே ஒரு வழிதான் இருந்தது. பகல் ஒரு மணிக்குக் கடிகாரப் படத்தைப் போட்டு, சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, மசித்த சாதத்தை ஸ்பூனில் கொடுத்தால் வாங்குவாள். ஐம்பது நிமிடத்தில் ஒரு கிண்ணம் இறங்கிவிடும். மாலை மருந்தும் படத்தின் பின்பாதியும் சேர்ந்து போகும்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனியிலிருந்து வந்தது அந்தக் கடிதம். வேலை முடிந்தது, இரண்டு மாதத்தில் டிஸ்க் வெளிவரும்.

சேகரிப்பவர்கள் கூடுவது ஞாயிற்றுக்கிழமை காலை, ரேடியோக்காரரின் பழுதுபார்க்கும் கடைப் பின்னறையில். அங்கே ஒரு விதி உண்டு. புதுப்பித்த டிஸ்க் வருவது உறுதியானால் பழையதை வரிசையில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒருவரே இரண்டையும் பூட்டி வைத்தால் மற்றவன் என்ன செய்வான்? கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. நகலும் எடுக்கக் கூடாது, அது திருட்டு. இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவர் வேறு யாருமல்ல, புரூஃப்காரர்தான். ஒட்டிய கைக்கு இப்போது சோதனை. அடுத்த வரிசை ஓய்வுபெற்ற தபால்காரருடையது. டிஸ்க்கைத் துடைத்து, உறை போட்டு, அன்றே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மைத்துனிக்குத் தலை சுற்றியது. மனைவியின் தங்கை, பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடம் வார்டு பார்த்தவள். தினமும் பகலில் வந்து அக்காவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகிறவள்.

“மாமா, உங்களுக்குப் புத்தி இருக்கா? அது படமா? அது அக்காவோட சாப்பாட்டுத் தட்டு!”

“ரெண்டே மாசம்மா. அதுவரைக்கும் வேற படம் போடுவோம். இருநூத்தி எண்பது இருக்கு.”

“இருநூத்தி எண்பதும் உங்களுக்கு. அவளுக்கு ஒண்ணுதான்.”

வேறு படம் போட்டார்கள். அவர் படத்தை மறந்து ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போய் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொன்று போட்டார்கள். ஸ்பூனைத் தட்டிவிட்டாள். இரண்டு மாதம் மூன்றானது, மூன்று ஐந்தானது. அட்டைப்பெட்டி அச்சில் தாமதம் என்றது கம்பெனி. ஐம்பத்தொரு கிலோ இருந்தவள் நாற்பத்து நான்குக்கு வந்தாள். இடுப்பெலும்பில் தோல் சிவந்தது. நாற்பத்திரண்டுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் வைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

“குழாய் வச்சா அவ பிடுங்குவா,” என்றாள் மைத்துனி, டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியிலேயே. “பிடுங்கினா கையைக் கட்டுவாங்க. எத்தனை பேருக்கு நானே கட்டியிருக்கேன். இவளுக்குக் கட்ட மாட்டேன், சொல்லிட்டேன். போய் அந்த டிஸ்க்கை வாங்கிட்டு வாங்க.”

“அடுத்த வாரம் புதுசு வந்துடும்.”

“போன மாசமும் இதைத்தான் சொன்னீங்க.”

வீம்பு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் வீம்புதான். சுவரில் ஒட்டிய காகிதத்தின் முன் எப்படிப் போய் நிற்பது?

புதிய டிஸ்க் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு மணிக்குப் போட்டார். முதல் காட்சியிலேயே அவர் சோபா நுனிக்கு வந்துவிட்டார். நடைமேடையின் ஓரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது! பழைய டிஸ்க்கில் ஓரம் வெட்டுப்பட்டதில் அந்த நாயே கிடையாது. கடிகாரத்தின் பித்தளை முள்ளில் வெளிச்சம் ஓடியது. அவர் எழுதி அனுப்பிய குறை ஒவ்வொன்றையும் சரிசெய்திருந்தார்கள். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கதாநாயகி கையில் இருக்கும் கோப்பை பழையதில் ஒரே தாவாக மேசைக்குப் போய்விடும். இதில் அவள் மெதுவாக, ஒரு பெருமூச்சோடு வைத்தாள். புரூஃப்காரர் கோயிலில் நிற்பவர்போல் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

வாய் திறக்காதவர்கள் இருவர். மைத்துனி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “ரெண்டு ஸ்பூன். ரெண்டையும் துப்பிட்டா.”

மறுநாள் ஒரு ஸ்பூன். அதற்கு மறுநாள் அதுவும் இல்லை.

நான்காம் நாள் காலை அவர் பழைய நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவளுக்கு இது வேற படம்,” என்றார். “இவ மனசுல இருந்தது அந்தக் குறைங்கதான். குதிக்கிற இடத்துல சிரிப்பா, வாயைத் திறப்பா. ஞாபகம் இருக்கா? அதையெல்லாம் நானே உட்கார்ந்து பட்டியல் போட்டு எடுக்கச் சொல்லியிருக்கேன்.”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை மைத்துனி பார்த்திருக்கிறாள். இப்படிக் கணக்காக, நிமிடம் நொடி எழுதிப் போட்டுக்கொண்ட யானையை இப்போதுதான் பார்க்கிறாள். “செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க,” என்றாள்.

ஞாயிறு வரை காத்திருக்க முடியாது. நேரே தபால்காரர் வீட்டுக்கே போனார். வாசலில் நின்று, “ஒரு உதவி,” என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டார். பிழை கண்டுபிடித்துப் பழகிய நாக்குக்குக் கெஞ்ச வரவில்லை.

“என்ன புரூஃப், ஏதாவது தப்பா வச்சிருக்கேன்னு பார்க்க வந்தியா?” என்றார் தபால்காரர்.

“கடிகாரப் படம் வேணும். பழசு.”

“அட! திருப்பிக் கேட்கக் கூடாதுன்னு எவனோ எழுதி ஒட்டியிருக்கானே?”

“எழுதினவன்தான் கேட்கிறேன்.” பிறகு காரணத்தைச் சொன்னார். நாற்பத்து நான்கு கிலோ என்பதையும் சொன்னார்.

தபால்காரர் உள்ளே போய் டிஸ்க்கோடு வந்தார். “அன்னிக்கே சொல்லியிருந்தா வாங்கியே இருக்க மாட்டேனே. அஞ்சு மாசமாய்யா வாயை மூடிக்கிட்டு இருந்த? போ, போ. பேரப் புள்ளைங்க ஒரு தடவை எடுத்து விளையாடிட்டாங்க. துடைச்சு வச்சிருக்கேன்.”

அன்று ஒரு மணிக்குப் பழைய டிஸ்க் ஓடியது. மனைவி நடுவில், ஒரு பக்கம் அவர், மறுபக்கம் ஸ்பூனோடு மைத்துனி. முதல் குறை நான்காவது நிமிடத்தில். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மனைவியின் வாயையே பார்த்தார். படம் குதித்தது. வாய் திறக்கவில்லை. ஏழாவது நிமிடத்துப் பச்சைக் கோடு வந்தது, போனது. பதினொன்றில் ஒலி கிணற்றுக்குள் இறங்கியது. உதடு அசையவில்லை. கெஞ்சி வாங்கிவந்த டிஸ்க். அதைக் குறை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் படம் அப்படியே நின்றது. கட்டம் கட்டமாக உடைந்து, பிளேயர் கரகரவென்றது. வெளியே எடுத்தார். பளபளப்பின் நடுவே அரைவட்டமாக ஒரு கீறல், விரல் ரேகையோடு.

“எந்த மடையன்டா இதைக் கையால தொட்டது!” என்று அலறினார். “ஓரத்தைப் பிடிச்சு எடுக்கத் தெரியாதா? சே! சே! இதெல்லாம் ஒரு வேலையா?”

அவர் தொடையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். டிவியில் படமே இல்லை, வெறும் நீலம். மைத்துனி வார்டுக்காரி. யோசிக்கிற வேலையைப் பிறகு வைத்துக்கொண்டு, சிரிப்பில் திறந்த வாய்க்குள் முதலில் ஸ்பூனை வைத்தாள். விழுங்கியாயிற்று.

“மாமா, இன்னும் திட்டுங்க.”

“யாரை?”

“யாரையாவது!”

அவர் தபால்காரரின் பேரப் பிள்ளைகளைத் திட்டினார். பிளேயரைத் திட்டினார். அட்டைப்பெட்டி அச்சடித்தவனைத் திட்டினார். ஐந்து ஸ்பூன் இறங்கியது. ஆறாவதுக்கு அவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது, அவளும் சோர்ந்துபோனாள்.

மைத்துனி கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “அவ குதிக்கிற படத்தைப் பார்த்துச் சிரிக்கலை. நீங்க குதிக்கிறதைப் பார்த்துச் சிரிச்சிருக்கா. அந்த டிஸ்க்கைக் கொடுத்ததுல இருந்து நீங்கதான் எந்தப் படத்தையும் திட்டவே இல்லையே.”

பழைய டிஸ்க் பத்தொன்பது நிமிடத்தைத் தாண்டாது. ரேடியோக்காரர் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். இனி இருப்பது புதியது ஒன்றுதான்.

மறுநாள் ஒரு மணிக்குப் புதிய டிஸ்க்கைப் போட்டு, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். நான்காவது நிமிடம். படம் கண்ணாடிபோல் ஓடியது. “சே! குதிச்சுடுச்சு பார்!” என்றார். குரல் அவருக்கே ஒட்டவில்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பொய்யாத் திட்டினா அவளுக்குத் தெரியும்,” என்றாள் மைத்துனி. “ஞாபகம்தான் போச்சு. காது போகலை.”

அடுத்த குறைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வருடம் கடிதம் எழுதியதை நினைத்தார். பழைய பச்சைக் கோட்டை நினைத்தார். “கோடு! கோடு! நடு முகத்துல கோடு! இதைப் பார்த்துட்டுத்தான் டிஸ்க் அடிச்சீங்களாடா?” தொடையில் அடி விழுந்தது. ஸ்பூன் உள்ளே போனது.

முதல் ஐம்பது நிமிடத்தில் பதினேழு குறை. நல்ல நாளில் பதினான்குக்கு வாய் திறக்கும். கெட்ட நாளில் ஆறு. தொண்டை கட்டினால் அவர் வெந்நீர் குடித்துவிட்டுத் தொடர்வார். மூன்று வாரம் கழித்து எடை நாற்பத்து நான்கரை. டாக்டர் குழாய்ப் பேச்சைத் தள்ளி வைத்தார், எடுத்துவிடவில்லை. நோய் தன் வழியில் போகும், ஒருநாள் இந்தச் சத்தமும் எட்டாது என்றார். மைத்துனிக்கு அது தெரியும். புரூஃப்காரரும் நோட்டில் தேதி போட்டுத் தினமும் எத்தனை ஸ்பூன் என்று எழுதத் தொடங்கியிருந்தார். சிவப்பு மையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடைப் பின்னறைக்குப் போனார். சுவரில் விதிக் காகிதத்தின் கீழே அவரே ஒரு வரி சேர்த்து எழுதினார்: ‘வீட்டில் உள்ளவர்களைக் கேட்ட பிறகு.’ தபால்காரர் படித்துவிட்டு அவருக்கு ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

ரேடியோக்காரருக்குப் பொறுக்கவில்லை. “விதி கிடக்கட்டும். புது டிஸ்க் எப்படின்னு சொல்லுய்யா. தினமும் போடுறியாமே. கடைசியில அந்தக் கதாநாயகி கடிகாரத்தை நிறுத்துற இடம் தெளிவா வந்திருக்கா? முகம் தெரியுதா? கம்பெனிக்காரன் உன் கருத்தைக் கேட்டுக் கடைக்கு எழுதியிருக்கான்.”

“தெரியலை,” என்றார் புரூஃப்காரர்.

“தெரியலையா? மூணு வாரமாப் போடுறியே!”

“போடுறேன். படத்தைப் பார்க்கிறதில்லை. வாயைத்தான் பார்க்கிறேன்.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே கால். “நாய் ஒண்ணு இருக்கு, நடைமேடையில. அது ரொம்ப நல்லா வந்திருக்குன்னு எழுதிடுங்க,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.